கைக்கு எட்டும் தாழ்ப்பாள்

என் தம்பிக்கும் எனக்கும் சண்டை மூண்டது ஒரு கதவை வைத்து. அதுவும் இருக்கிற கதவு இல்லை. இன்னும் கட்டவே கட்டாத வீட்டின் கதவு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றுதான் வந்தது.

முதலில் இருக்கிற கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடித்தனம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வாசலைத் திறந்ததும் ஒரு நடை, அதை ஒட்டிச் சமையலறை, அதையும் தாண்டி இரண்டு அறைகள். அந்த நடையில் ஓர் ஆள் போகலாம். இரண்டு கையிலும் பை இருந்தால் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். தம்பியின் சக்கர நாற்காலி அதில் நுழையவே நுழையாது. அவன் பைக்கை லாரி தட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் அவன் வாசற்கதவைத் தொட்டதே இல்லை.

நான் கீழே கடைக்குப் போகும்போது வெளியில் பூட்டினால் அவனைச் சிறை வைத்த மாதிரி ஆகிவிடும். உள்ளே தாழ் போடவோ ஆள் இல்லை. அதனால் சும்மா சாத்தி வைத்துவிட்டுப் போவேன். யார் தட்டினாலும் அவன் உள்ளேயிருந்து, "தள்ளிட்டு வாங்க, திறந்துதான் இருக்கு!" என்று கத்துவான். தபால்காரர் வருவார், கேஸ்காரர் வருவார், எந்த வீட்டுப் பூனையோ வரும். ஒரு தடவை எவனோ ஒருவன் தட்டாமலே வந்து சமையலறையில் குக்கரைத் தூக்கியிருக்கிறான். சத்தம் கேட்டுத் தம்பி, "யாருப்பா அது?" என்று கேட்டிருக்கிறான். "நான்தாண்ணே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் குக்கரோடு இறங்கிப் போயிருக்கிறான் திருடன். இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தம்பி சிரிப்பான். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்கு உறைக்க நாளாயிற்று.

எனக்குத் தொழில் தையல். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை. தெருவில் என்னைக் கத்தரி அக்கா என்பார்கள். துணியை வெட்டுவதாலா, வாயாலா என்று யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. தம்பிக்கு மெய்ப்புத் திருத்துகிற வேலை. அச்சகங்கள் அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பிழை களைந்து அனுப்புவான். க், ச், த், ப் விட்டுப்போனால் சாப்பாடு இறங்காது அவனுக்கு. அதனால் தெருவே வைத்த பெயர், ஒற்று.

எங்கள் கட்டடத்துக்கு எதிரில்தான் எங்கள் சபை. நான் முப்பது வருஷமாக அங்கே போகிறவள். தம்பி போவதில்லை. லாரி தட்டுவதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் இல்லை. கடவுளோடு அவனுக்குச் சண்டை ஒன்றும் கிடையாது, பழக்கமில்லை, அவ்வளவுதான். ஆனால் சபையின் வாரத்தாளை மட்டும் காசு வாங்காமல் திருத்திக் கொடுப்பான். "நம்பிக்கை இல்லாதவனுக்கும் கண்ணு இருக்குல்ல? ஜன்னலுக்கு எதிர்ல இவ்வளவு பிழையை வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறது?" என்பான்.

வாரத்தாளை எழுதுகிறவர் தீர்மானம் ஐயா. யார் என்ன பேசினாலும், "அப்ப ஒரு தீர்மானம் போட்டுடலாம்" என்பார், அதுவே பெயராகிவிட்டது. சபைக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மண் சுமந்தவர். பொதுஜெபம் என்றால் அவர்தான். கண்ணை மூடி, கையை உயர்த்தி, "ஆண்டவரே, நாங்கள்..." என்று ஆரம்பித்தாரானால் எங்கள் மூன்றாவது மாடி ஜன்னல்வரைக்கும் கேட்கும். தம்பிக்கும் அவருக்கும் வாராவாரம் ஒரே வார்த்தையில் மல்லுக்கட்டு. அவர் வாரத்தாளில் "நாங்கள் கூடி வருவோம்" என்று எழுதுவார். தம்பி "நாம்" என்று திருத்துவான். அச்சில் "நாங்கள்" என்றே வரும்.

"இந்த மனுஷன் தலையில நாங்கள்னு பச்சை குத்தியிருக்கா?" என்று தம்பி என்னிடம் எரிந்து விழுவான்.

நான் போய்ச் சொன்னால் அவர், "உன் தம்பி ஒற்றைப் பாத்துக்கட்டும். கருத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் போதகர் வீட்டுப் பேச்சை எடுத்தார். போதகர் வயதில் சின்னவர், குரலும் சின்னது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பின்னால் வண்டி நிறுத்துகிற காலி இடத்தைக் கையால் காட்டினார்.

"அங்க வாரத்துல ஒரு காலைப்பொழுது வண்டி நிக்குது. மீதி நாளெல்லாம் வெயில்தான் குடியிருக்கு. வெயிலுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய இடம்? இந்தத் தெருவுல வீடில்லாம எத்தனை பேர் அல்லாடுறாங்க? நாம கட்டி, நாம வாடகைக்கு விடுறதைச் சொல்லல. குடியிருக்கப் போறவங்களே வந்து உக்காரட்டும், எப்படி வேணும்னு சொல்லட்டும், நாளைக்கு அவங்களே அதை நடத்தட்டும். சபை இடத்தைக் குடுக்கும், கூட நிக்கும்."

தீர்மானம் ஐயா எழுந்தார். "இடம் குடுக்கிறது சரி. யாருக்கு?" என்றார். "இங்க பெஞ்சைப் பாருங்க, பாதி காலி. எங்க பிள்ளைங்க எல்லாம் வாடகை கட்ட முடியாமத்தான் தூரமாப் போயிட்டாங்க. என் பொண்ணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து, செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கிளம்புறா. வீடு சபை அங்கத்தினருக்குன்னு ஒரு தீர்மானம் போடுங்க. அவங்க திரும்பி வரட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பலரும் தலையாட்டினார்கள். வரைபடத்தையும் யாருக்கு வீடு என்பதையும் ஒரே நாளில் முடிவு செய்வது என்று பேசிக் கலைந்தார்கள்.

நான் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். முப்பது வருஷத்து அங்கத்தினள், தரைத்தளத்தில் வீடு கேட்டால் இல்லையென்றா சொல்வார்கள்? தம்பியிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். "ரெண்டு ரூம்டா. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. படியே இல்ல!"

அவன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுல ஒத்தை ரூம் வீடும் வருதாமே?" என்றான்.

"வருது. அது நமக்கெதுக்கு?"

"நமக்கில்லக்கா. எனக்கு."

எனக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. புரிந்ததும் தலைக்கு ஏறிவிட்டது. "என் வீட்டுல உனக்கு என்னடா குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல. ஆனா அது உன் வீடு. நீயே இப்ப அப்படித்தானே சொன்ன?"

"வார்த்தையைப் புடிச்சுத் தொங்காத!"

"என் தொழிலே அதுதானே?" என்று சிரித்தவன் நாற்காலியை என் பக்கம் திருப்பினான். சிரிப்பு நின்றிருந்தது. "அக்கா, நான் உள்ள இருக்கணும். வெளிய யாராவது தட்டணும். நான் போய், யாருன்னு கேட்டு, நானே திறக்கணும். பிடிக்கலைன்னா திறக்கக் கூடாது. அவ்வளவுதான் கேக்கிறேன். எனக்குன்னு ஒரு கதவு."

"நானும் தட்டணுமோ?"

"நீயும்தான்."

குளிக்க வைத்தவள், துணி துவைத்தவள், ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்கடியில் படுத்துக் கிடந்தவள், நான் தட்ட வேண்டுமாம்! அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். பேச்சு, காப்பி வேண்டுமா வேண்டாமா என்பதோடு சரி.

கோபத்துக்கு நடுவிலும் ஒன்று தெரிந்தது. அந்தத் தீர்மானம் நிறைவேறினால் அவனுக்குத் தனி வீடு கிடையாது. அவன் அங்கத்தினன் இல்லையே. மனசு கேட்காமல் ஒரு நாள், "பேசாம சபையில சேர்ந்து தொலையேன்டா" என்றேன்.

"வீட்டுக்காகச் சாமி கும்பிடச் சொல்றியா? அது கடவுளுக்கே அவமானம்க்கா" என்றான்.

எனக்கு வருத்தமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இவன் எங்கே போகப் போகிறான், என்னோடுதானே வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த இடம் சபைக்கூடம், அதுவும் ஜெப நேரம். எனக்கே என்னவோபோல் இருந்தது, கண்ணைத் திறந்துகொண்டேன்.

முடிவு செய்கிற ஞாயிறு வந்தது. போதகர் கூப்பிட்டிருந்ததால் வீடு தேவைப்படுகிற தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். பொறியாளர்ப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். கெட்டிக்காரி. காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினால் யாருக்கும் பிடிபடாது, வீட்டின் முழு அளவையும் கூடத்தின் தரையிலேயே வரைந்துவிடலாம், எல்லாரும் உள்ளே நடந்து பார்க்கட்டும் என்றாள். எனக்கு அது உடனே பிடித்துப்போனது. தைப்பதற்கு முன்னால் ஊசி குத்தி ட்ரையல் பார்க்கிற மாதிரிதானே? கடையிலிருந்து சாக்குக்கட்டிப் பெட்டியையும் அளவுநாடாவையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டார்கள். தரைத்தளத்து ஒற்றை அறை வீடு ஒன்று, அதன் குளியலறையை ஒட்டிச் சபைக்கு ஒரு சாமான் அறை. வெள்ளைக் கோட்டில் சுவர், கோடு விட்ட இடத்தில் வாசல்.

"இந்த வீட்டுக்கு வரப் போறவர் எங்க?" என்று கேட்டாள் அவள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி விருப்பத்தைத் தெருவே அறிந்திருந்தது. நான் குனிந்து சாக்குக்கட்டிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். போதகரும் கறிக்கடை அண்ணனும் போய் அவனை ஒருவரும், மடக்கிய நாற்காலியை மற்றவருமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கறிக்கடை அண்ணன் எங்களுக்குக் கீழே இரண்டாவது மாடியில் இருப்பவர். அவர் தொழுகிற இடம் வேறு. ஆனால் தம்பியைத் தூக்க வேண்டுமென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். அவருக்கும் வீடு தேவை. மூன்று பிள்ளைகளும் மனைவியுமாக ஓர் அறையில் இருக்கிறார்.

தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் தம்பி கண்ணை மூடிக்கொள்வான். கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் திறந்தான். கோடுகளைப் பார்த்தான். நேராக வாசல் இடைவெளிக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

"கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

"உள்பக்கம்" என்றாள் பொறியாளர்ப் பெண்.

"தாழ்ப்பாள் எவ்வளவு உயரம்?"

"நீங்க சொல்ற உயரம்."

அவன் கையை நீட்டி இல்லாத கதவைத் தள்ளினான். உள்ளே போனான். நாற்காலியைத் திருப்பி இல்லாத கதவைச் சாத்தினான். இடுப்பு உயரத்தில் இல்லாத தாழ்ப்பாளை இழுத்துப் போட்டான். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். நான் அந்த முகத்தை அந்த லாரிக்குப் பிறகு பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

கறிக்கடை அண்ணன் டீ டம்ளரோடு விறுவிறுவென்று கோட்டைத் தாண்டி அவனிடம் போனார்.

"அண்ணே! சுவத்துல பூந்து வர்றீங்களே, பேயா நீங்க?" என்றான் தம்பி.

கூடமே கொல்லென்று சிரித்தது. அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்து, வாசலுக்குச் சுற்றி வந்து, காற்றில் "டொக் டொக்" என்று தட்டினார். "இப்ப வேலையா இருக்கேன், அப்புறம் வாங்க" என்றான் தம்பி. அதற்கும் சிரிப்பு. அவன் பாட்டுக்கு அடுப்பு மேடைப் பக்கம் போனான், ஜன்னல் பக்கம் போனான், கட்டில் பக்கம் போனான். கடைசியாகக் குளியலறைக்குள் போனான். அங்கே சிக்கிக்கொண்டான்.

முன்னால் போக முடிந்தது. திரும்ப முடியவில்லை. பின்னால் வந்தால் சக்கரம் கதவு நிலையில் இடிக்கும். இந்தப் பக்கம் திருப்பினான், கோடு. அந்தப் பக்கம் திருப்பினான், அங்கேயும் கோடு.

"பரவாயில்ல, கோட்டு மேல ஏத்தி வந்துடுங்க" என்றார் போதகர்.

"எப்படிங்கய்யா வர்றது? சுவர் இருக்குல்ல?"

"சாக்பீஸ்தானே தம்பி?"

"நாளைக்கு அது செங்கல். நாளைக்கு நான் இங்க மாட்டிக்கிட்டா, நீங்க யாரும் இங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்க மாட்டீங்க. அதனால இன்னைக்கே மாட்டிக்கிறேன். சுவரைத் தள்ளி வையுங்க, வர்றேன்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அந்த வெள்ளைக் கோட்டுக்குள் உட்கார்ந்துவிட்டான். கூடத்தில் அவ்வளவு பேர். ஒருவருக்கும் அவனைத் தூக்கி வெளியே வைக்கத் துணிவில்லை. என்னாலும் முடியவில்லை. பொறியாளர்ப் பெண் முட்டி போட்டு அளந்தாள். சாமான் அறைப் பக்கத்துச் சுவரை ஒரு முழம் தள்ளினால் போதும் என்றாள். ஆனால் அப்புறம் சாமான் அறையில் பெஞ்சு, நாற்காலி எல்லாம் கொள்ளாது என்றும் சொன்னாள்.

தீர்மானம் ஐயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கையில் தீர்மானத்தை எழுதிய தாள் வேறு. "அதெப்படி? இடம் எங்களுது. நாங்க சேத்து வச்ச சாமானை எங்க கொண்டு வைக்கிறது? நாங்க மண் சுமந்து கட்டின சபை இது. நாங்க பாத்து மனசு வச்சு வீடு கட்டுறோம். நாங்க..."

"ஐயா, ஒரு பிழை" என்றான் தம்பி குளியலறைக்குள்ளிருந்து.

"என்ன பிழை?"

"நீங்க ஜெபம் பண்றப்போ 'நாங்கள்'னு சொல்றது ரொம்பச் சரி. ஆண்டவர் கேக்கிறவர், அதுல சேர மாட்டார். வாராவாரம் ஜன்னல் வழியாக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இப்ப நீங்க எங்க மூஞ்சியைப் பாத்துப் பேசறீங்க. எங்களைப் பாத்தே 'நாங்க, நாங்க'ன்னா, இங்க நிக்கிற நாங்கல்லாம் யாருங்கய்யா? இது சாமிகிட்ட பேசுற பேச்சு. ஆளுங்ககிட்ட பேசறப்போ 'நாம'ன்னு சொல்லணும்."

நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு இவன் வீட்டுக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கமிருந்து தீர்மானம் ஐயாவின் மனைவி குரல் கொடுத்தார். சாதாரணமாக வாயே திறக்காத அம்மா.

"வீட்டுலயும் இதே கூத்துதான் தம்பி. கூட உக்காந்து சாப்பிட்ட என்கிட்டயே, 'நாங்க சாப்பிட்டாச்சு'ம்பார்!"

அடக்க முடியவில்லை ஒருவராலும். போதகர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். தீர்மானம் ஐயா முகம் சிவந்து நின்றார். கோபிக்கப் போகிறார் என்று பார்த்தால், மனைவியை ஒரு பார்வை பார்த்தார், தம்பியை ஒரு பார்வை பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. "நாம..." என்று சொல்லிப் பார்க்கிறார்! புது ஜோடு போட்டவர் நடந்து பார்க்கிற மாதிரி, இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார்.

பிறகு நடந்தார். கோட்டை மிதிக்கவில்லை. வாசலுக்குச் சுற்றி வந்து நின்றார். "உள்ள வரலாமா?" என்றார்.

"வரலாம் ஐயா. ஆனா உள்பக்கம் தாழ் போட்டிருக்கேன். நான் வந்து திறக்கணும். நான்தான் வர முடியாம கிடக்கேனே" என்றான் தம்பி.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தீர்மானம் ஐயா திரும்பி, சாமான் அறை வாசல் வழியாக உள்ளே போய், குளியலறைச் சுவர் அருகே நின்றார். குனிய முடியாத இடுப்பு. ஜோட்டைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் அந்தக் கோட்டை முனையிலிருந்து முனைவரைக்கும் தேய்த்து அழித்தார். பொறியாளர்ப் பெண் ஒரு முழம் தள்ளிப் புதுக்கோடு போட்டாள். தம்பி சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். எங்கேயும் இடிக்கவில்லை. வெளியே வந்தான்.

"தீர்மானத்தை வாசிச்சுடுங்களேன் ஐயா" என்றார் போதகர் மெதுவாக.

அவர் தாளைப் பிரித்தார். பேனாவை எடுத்து முதல் வார்த்தையை அடித்து எழுதினார். "நாம் கட்டும் இவ்வீடுகள் சபை அங்கத்தினருக்கே..." என்று வாசித்து நின்றுவிட்டார். மறுபடி வாசித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார்.

"என்னப்பா ஒற்று, 'நாம்'னு போட்டா இந்தக் கடைசி ஏகாரம் நிக்க மாட்டேங்குதே?" என்றார்.

"நிக்காது ஐயா."

"நிக்காதுதான்" என்றார் அவர். கறிக்கடை அண்ணனைப் பார்த்தார். எங்கள் தெருவில் யார் யாருக்கு வீடில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? "இந்தத் தெருவுல வீடு தேவைப்படுறவங்க யாரா இருந்தாலும், எந்தச் சாமி கும்பிட்டாலும், கும்பிடாட்டியும். குடியிருக்கிறவங்களே கூடி நடத்துறது. நம்ம பிள்ளைங்களும் அதுல வரிசையில நிக்கட்டும். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கை உயர்ந்தால் அவன் போய்விடுவான். உயராவிட்டாலும் இத்தனை கைகளில் ஒன்று குறைந்து என்ன ஆகிவிடப் போகிறது? ஆனால் நாளைக்கு அந்தச் சாத்தி வைத்த கதவைத் தள்ளிக்கொண்டு நான் எந்த முகத்தோடு உள்ளே போவேன்? தூக்கினேன்.

"டேய், இங்க பாரு, தூக்கிட்டேன்! எரிச்சலோடதான் தூக்கியிருக்கேன், தெரிஞ்சுக்க!" என்று கத்தினேன்.

"எரிச்சலும் செல்லும்க்கா" என்றான் அவன். ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினான்.

வீடுகள் எழும்ப நாள் பிடித்தது. குடிவரப் போகிறவர்கள் எல்லாரும் வாராவாரம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பேசினார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். துணி காயப்போடுகிற கம்பியை எங்கே கட்டுவது என்பதற்கே அப்படி ஒரு சண்டை. தீர்மானம் ஐயாவின் மகளும் கணவனோடு வந்து உட்கார்ந்தாள். கறிக்கடை அண்ணனுக்கு மாடியில் பெரிய வீடு. நான் கேட்கவில்லை. எனக்குக் கூரை இருக்கிறது, கடையும் காலடியிலேயே இருக்கிறது, இல்லாதவர்களுக்குப் போகட்டும். வாரத்தாளில் அவ்வப்போது "நாங்கள்" இன்னும் தலை காட்டும், தம்பி திருத்துவான், இப்போதெல்லாம் அச்சில் "நாம்" என்றே வருகிறது.

தம்பி குடிபோன அன்று நான் கூடப் போகவில்லை. கடையில் ஏகப்பட்ட வேலை என்று சொல்லிவிட்டேன். வேலை என்ன வேலை, அவன் ஜன்னலுக்கு நீலத்தில் ஒரு திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். தையல் கோணி இரண்டு தடவை பிரித்தேன். சாயங்காலம் அதை மடித்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

போன வேகத்தில் கதவைத் தள்ளினேன். கை பழகிய பழக்கம் அது. திறக்கவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினேன். தோளில்தான் வலித்தது.

"டேய், திறடா!"

"யாரு?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"நான்தாண்டா!"

"நான்தான்னு சொல்லித்தான் குக்கரைத் தூக்கிட்டுப் போனான் ஒருத்தன். தட்டுக்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். உள்ளே சக்கரம் உருண்டு வருகிற சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல் வந்தது. என் இடுப்புக்கு நேராக எங்கேயோ தாழ்ப்பாள் விலகிற்று. கதவு உள்பக்கமாக மெல்லத் திறந்தது. ஒரு கையால் கதவையும் ஒரு கையால் சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கினான் என் தம்பி.

"வாக்கா, உள்ள வா" என்றான்.

என்னால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. திரைச்சீலையை முகத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று அழுதேன். ஒன்பது வருஷத்தில் எனக்கு அவன் கதவு திறந்துவிட்டது அதுதான் முதல் தடவை.